முதல் பிரதி வாங்கியவர்

இல்லீங்க, பை என் மடியிலேயே இருக்கட்டும். மேலே தூக்கி வைக்கிற பழக்கமே எனக்குக் கிடையாது. உங்களைச் சந்தேகப்பட்டுச் சொல்றேன்னு நெனச்சுக்காதீங்க. பார்த்தா நல்ல மனுசராட்டம்தான் தெரியறீங்க. ஆனா நல்ல மனுசராட்டம் தெரியாத திருடனை நான் இன்னி வரைக்கும் பார்த்ததில்லீங்க. ஈரோட்டுல ஒரு மில்லு கேட்டுல உட்கார்ந்து, போறவங்க வர்றவங்க பையைச் சோதிச்சே பாதி ஆயுசு போச்சு. பை தொங்கற தொங்கலைப் பார்த்தே உள்ளே என்னன்னு சொல்லீருவேன். உங்க பையில டிபன் பாக்ஸு ஒண்ணு, குடை ஒண்ணு. சரிங்களா? சிரிக்கறீங்க. அப்பச் சரிதான்.

என் பையிலயா? புத்தகமுங்க. நான் எழுதுனது. நாவல்.

ஏன் அப்படித் திரும்பிப் பார்க்கறீங்க? நீங்க பத்திரிகை, பதிப்பகம் அந்த மாதிரி எதுலயாவது இருக்கறீங்களா? இல்லை, கேட்டு வெச்சுக்கலாம்னுதான். என்னது, கவுந்தப்பாடியில விதைக் கடையா? அப்பச் சொல்லலாம். விதைக் கடைக்காரரு கதை திருடி நான் கேள்விப்பட்டதில்லை. கவுந்தப்பாடியிலயே எறங்கீருவீங்களா? கோபி வரைக்கும் வர்றீங்களா? நல்லதாப் போச்சு. நானும் கோபிதான்.

எங்கண்ணன் பொண்ணு மேகலைக்கு இன்னைக்கு உப்புச்சக்கரைங்க. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க உப்பும் சக்கரையும் கொண்டாந்து குடுப்பாங்க, பொண்ணு வீட்டுல வாங்கிக்கிட்டா கல்யாணம் முடிவானாப்ல. உங்க பக்கமும் அதேதானே. அதைக் கை நீட்டி வாங்கறது நான்தானாம். எங்கண்ணன் வீடு தேடி வந்து சொல்லீட்டுப் போயிருக்காரு. இந்தப் புத்தகம் வர்ற வரைக்கும் பத்து வருசத்துக்கு மேல என் மூஞ்சியில முழிக்காத மனுசனுங்க. அவரு நிழல் எம்மேல படாம, என் நிழல் அவரு மேல படாம இருந்தோம். இப்ப என்னடான்னா, சென்னி, நீதாண்டா வந்து வாங்கணும்கறாரு. எலி எதுக்குங்க வேட்டி கட்டீட்டு ஓடுது? அதைக் கண்டுபிடிக்கத்தான் போறேன்.

சென்னியப்பன்கறது என்ர பேரு. அவரு பேரு குழந்தைவேலு. பேருலதான் குழந்தை.

நாங்க ரெண்டு பேரும் கோபியில டிரைவிங் ஸ்கூல் வெச்சிருந்தோமுங்க. ஒரே காரு. கத்துக் குடுக்கற காருல ரெண்டு பிரேக்கு இருக்கும், தெரியுங்களா? ஓட்டறவங்க காலுக்கு ஒண்ணு, பக்கத்துல உட்கார்ந்து சொல்லிக் குடுக்கறவங்க காலுக்கு ஒண்ணு. எதுக்கு வெச்சிருக்கறான்? மிதிக்கறதுக்குத்தானே? நான் மிதிப்பேன். நாய் குறுக்கே வந்தா மிதிப்பேன். நாய் வரும்னு தோணுனா மிதிப்பேன். எங்கண்ணன் மிதிக்கவே மாட்டாருங்க. கையைக் கட்டீட்டு, ரேடியோவுல பாட்டுக் கேட்டுட்டு, சன்னல் ஓரமா சாஞ்சு உட்கார்ந்திருப்பாரு. என்னண்ணா இப்படி இருக்கறீங்கன்னா, அவங்களும் உசிரோட இருக்கத்தாண்டா ஆசைப்படுவாங்க, நம்பி விட்டாத்தான் ஓட்டிப் பழகுவாங்கம்பாரு. எவ்வளவு அலட்சியம் பாருங்க.

அதுல பாருங்க, ஜனங்க அவருகிட்டத்தான் கத்துக்கணும்னு நின்னாங்க. டீச்சரம்மா ஒருத்தி, இந்த சாரோட போனா வண்டி முன்னால போறதே இல்லைன்னு என் முகத்துக்கு நேராச் சொன்னா. அவளைத் தூண்டி விட்டது யாருன்னு எனக்குத் தெரியாதுங்களா? ஒருநா எங்கண்ணன் வந்து, சென்னி, நீ ஆபீசுல உட்கார்ந்து வர்றவங்களைக் கவனிச்சுக்க, வண்டியை நான் பார்த்துக்கறேன்னாரு. தேனாட்டப் பேச்சு. நாற்காலிக்கு மெத்தை வேற வாங்கிப் போட்டாரு. மெத்தையைப் போட்டு உட்கார வெக்கறாங்கன்னா எந்திரிக்க விட மாட்டாங்கன்னு அர்த்தம். அன்னைக்கே சாவியைத் தூக்கி மேசை மேல போட்டுட்டு ஈரோட்டுக்குப் போயிட்டேன். அப்பறம்தான் மில்லு வேலை.

கண்டக்டரு வர்றாருங்க. கோபி ஒண்ணு. சித்தெ இருங்க, டிக்கெட்டுல ஊரு பேரைப் பார்த்துக்கறேன். சரிதான்.

எங்கே விட்டேன்? ஆமா, நாவலு.

மில்லுல இருந்து நின்னதுக்கப்பறம் கையில நேரம் கெடந்துச்சு, மனசுல விசயம் கெடந்துச்சு. ஒரு மனுசனை அவன் சொந்த ரத்தமே எப்படி ஓரங்கட்டுச்சுன்னு ஊரு உலகத்துக்குச் சொல்லீரணும்னு உட்கார்ந்தேன். நேரடியாச் சொன்னா சண்டைம்பாங்க, கதையாச் சொன்னா இலக்கியம்பாங்க. பேரு, "ரெண்டாவது பிரேக்". ரெண்டு அண்ணந்தம்பி. நல்லவன் பேரு தருமன். அது யாருன்னு நான் சொல்ல வேண்டியதில்லை. கெட்டவன் பேரு சக்திவேலு. குழந்தைவேலு, சக்திவேலு, வேலு பொதுவா இருக்குதில்லீங்களா? படிக்கறவங்களுக்குப் புரியட்டும்னுதான்.

உங்ககிட்டச் சொல்றதுக்கென்னங்க, தருமனை எழுதறப்பத்தான் நெம்பத் திணறிப் போச்சு. நல்லவன், நல்லவன்னு எழுதறேன், அடுத்த வரி வரமாட்டேங்குது. சக்திவேலு வந்தான்னா போதும், பேனா தானா ஓடும். பூட்டுன கதவைத் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கறது, பொண்டாட்டி குடுக்கற பாலை மோந்து பார்த்துட்டுக் குடிக்கறது, விருந்துக்குப் போனா சாப்பிடறதை விட்டுட்டு வாசல்ல கழட்டுன செருப்பையே எட்டி எட்டிப் பார்க்கறது, எல்லாம் அப்படியே கண்ணு முன்னால வந்து நிக்கும். அவன் மனசுல ஓடற ஒவ்வொரு நெனப்பும் எனக்குத் தெரியும். எதிரியை அந்த அளவுக்குப் படிச்சிருக்கறேன் பாருங்க.

எழுதறது பெருசில்லீங்க, எழுதுனதைக் காப்பாத்தறதுதான் பெருசு. பதிப்பகத்துக்குக் குடுத்தா, நல்லா இல்லைன்னு திருப்பி அனுப்பீட்டு வேற பேருல போட்டுக்குவாங்க. நானே சென்னி பதிப்பகம்னு ஆரம்பிச்சேன். அதுல இருக்கறது நான் ஒருத்தன்தான், அவனை மட்டுமாவது நம்பலாமில்லீங்களா. டைப் அடிக்க நாலு கடைக்குப் பிரிச்சுக் குடுத்தேன். முதல் அத்தியாயம் பஸ் ஸ்டாண்டுகிட்ட, ரெண்டாவது மணிக்கூண்டுகிட்ட, இப்படி. எவனுக்கும் முழுக் கதை தெரியக் கூடாது பாருங்க. நல்ல யோசனைதான். ஆனா நாலு பேரும் நாலு விதமான எழுத்துல அடிச்சிருக்காங்க. ஒண்ணாச் சேர்த்தா பாதிக்கு மேல கட்டமும் கோடுமா வருது. கடைசியில முழுசையும் ஒருத்தர்கிட்டயே குடுக்க வேண்டியதாப் போச்சு. வளர்மதின்னு ஒரு புள்ளை. அவ அடிக்கற வரைக்கும் பக்கத்துலயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் ஆனா பென் டிரைவைக் கழட்டிச் சட்டைப் பையில போட்டுக்குவேன்.

அந்தப் புள்ளை ஒருநா அடிக்கறதை நிறுத்திட்டு மூக்கை உறிஞ்சுது. என்னம்மான்னா, அந்த சக்திவேலு பாவம் சார்ங்குது. பாவமா? அவனா? எதையோ மனசுல வெச்சுட்டுத்தான் பேசுதுன்னு அன்னைல இருந்து பென் டிரைவை மதியச் சாப்பாட்டுக்குப் போறப்பவும் கழட்டிக்கிட்டேன்.

இப்ப வெளியீட்டு விழாவுக்கு வருவோம். அதுதானுங்க என்னோட திட்டமே.

நீங்க புத்தக வெளியீடு பார்த்திருக்கறீங்களா? பெரியவரு ஒருத்தரு வெளியிடுவாரு. இன்னொருத்தரு முதல் பிரதியை வாங்கிக்குவாரு. வாங்கறவரு வெளியிட்டவரு பக்கத்துலயே மேடையில உட்காரணும், எந்திரிச்சு ஓட முடியாது. முதல் பிரதியை யாருக்குக் குடுக்கறதுன்னு யோசிச்சேன். எங்கண்ணனுக்குத்தான்னு முடிவு பண்ணீட்டேன். அவரை மேல உட்கார வெச்சு, பேசறவங்க வரிசையா வந்து, இந்த சக்திவேலு இருக்கறானே, இப்படியொரு நெஞ்சழுத்தக்காரன் உண்டான்னு கேக்கணும். சபையில இருக்கறவங்க புத்தகத்தைப் பார்த்து, அவரைப் பார்த்து, புரிஞ்சுக்கணும். கத்தியில்லாம ரத்தமில்லாம. அழைப்பிதழ்ல பேரைப் பெரிய எழுத்துல போட்டு, தமயந்திகிட்டக் குடுத்து அனுப்புனேன். தமயந்தி என் சம்சாரம். அவ எங்கண்ணன் வீட்டுக்குப் போக்குவரத்து வெச்சிருக்கறது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுட்டிருந்தா.

வருவாரான்னு பார்த்தேன். வந்துட்டாருங்க. வெள்ளை வேட்டி சட்டை, நெத்தியில திருநீறு. குடும்பத்தை முன்வரிசையில உட்கார வெச்சுட்டு மேடையில ஏறி உட்கார்ந்துட்டாரு. அப்பவே எனக்கு உதைச்சுது. கூப்புட்டவுடனே வர்றவன் எதுக்கோ வர்றான்னுதானே அர்த்தம்.

கூட்டம் சுமாரு. எங்ககிட்ட வண்டி கத்துக்கிட்டவங்க கொஞ்சப் பேரு, மில்லு ஆளுக கொஞ்சப் பேரு, டீயும் சமோசாவும் உண்டுன்னு கேள்விப்பட்டு வந்தவங்க கொஞ்சப் பேரு. காலேஜு பேராசிரியரு ஒருத்தரைப் பேசக் கூப்பிட்டிருந்தேன். ஒரு மாசம் முன்னாலயே புத்தகத்தைக் குடுத்து, சக்திவேலு வர்ற எடமெல்லாம் பச்சை மையில கோடு போட்டுக் காட்டியிருந்தேன். அந்த மனுசன் எந்திரிச்சு மண்ணோட மணம்னாரு, மக்களோட மொழின்னாரு, கொங்கு நாட்டுக் கலைக் களஞ்சியம்னாரு. சக்திவேலைப் பத்தி ஒரு வார்த்தை வரலை. பொறவு அவரு பிரதியை வாங்கிப் பார்த்தேன், நான் மடிச்சுக் குடுத்த பக்கம் கூடப் பிரியலை. எங்கண்ணன் முன்னாலயே அவரைக் கவனிச்சிருப்பாருங்கறது என் அனுமானம். இல்லைன்னா ஒரு பேராசிரியரு படிக்காமயா வருவாரு?

வண்ணக் காகிதம் சுத்தி, ரிப்பன் கட்டி, தட்டுல வெச்சு முதல் பிரதியைக் குடுத்தாங்க. எங்கண்ணன் ரிப்பனை அவுக்கறாரு, அவுக்கறாரு, அவுக்கவே வர மாட்டேங்குது. கை நடுங்குது. போட்டோக்காரன் காத்துக்கிட்டு நிக்கறான். சபையே உச்சுக் கொட்டுது. அப்பப் பார்த்து நடுங்கற கை மத்த நேரம் ஸ்டீரிங் புடிக்கறப்போ நடுங்குனதாத் தெரியலை. ரெண்டு வார்த்தை பேசுங்கன்னு மைக்கைக் குடுத்தாங்க. எந்தம்பி எழுதியிருக்கான், படிச்சுப் பார்த்துட்டுச் சொல்றேன்னுட்டு உட்கார்ந்துட்டாரு. அவ்வளவுதான். என் திட்டம் போன எடம் தெரியலை.

சரி, படிக்கட்டும், படிச்சா சுடும்னு காத்திருந்தேன். அதுக்கப்பறம் நடந்ததுதானுங்க எனக்கு இன்னும் பிடிபடலை.

ஒருநா காலையில தமயந்தி டீயைக் கொண்டாந்து வெச்சுட்டு, போகாம நிக்கறா. என்னன்னேன். எல்லாத்தையும் படிச்சுட்டேன், இப்பவாவது உங்களுக்குத் தெரிஞ்சுதேங்கறா. கண்ணுல தண்ணி. அன்னைக்கு ராத்திரி பாலை என் கையில குடுக்கறதுக்கு முன்னால அவளே ஒரு வாய் குடிச்சுக் காட்டீட்டுக் குடுத்தா. முப்பது வருசத்துல இல்லாத வழக்கம். ஏன்னு கேட்டேன். சும்மாத்தான்னா. எனக்கு அந்தப் பாலே எறங்கலை.

அடுத்து திருஞானம். எங்க காலத்துல லைசென்சு டெஸ்ட் எடுத்த பிரேக் இன்ஸ்பெக்டருங்க, ரிட்டையர்டு ஆயிட்டாரு. கண்டிப்பான மனுசன், கல்லு. அவரு கடைவீதியில என் கையைப் புடிச்சுக்கிட்டாரு. சென்னியப்பன், எத்தனையோ பேரு தன் வரலாறு எழுதறாங்க, தன்னைத்தானே இப்படி உரிச்சு வெக்கறதுக்கு நெஞ்சுரம் வேணும்யான்னாரு. எனக்கு ஒண்ணும் விளங்கலை. சார், தருமனைச் சொல்றீங்களான்னேன். தருமன் உங்கண்ணன்தானே, அவரு பொறுமை ஊருக்கே தெரியும், நான் சக்திவேலைச் சொல்றேன்னாரு.

கேட்டீங்களா? சக்திவேலு நானாம்.

ஏனுங்க, நான் என்னை நல்லவனா எழுதி வெச்சா, படிச்சவங்க அத்தனை பேரும் அந்த நல்லவனைத் தூக்கி எங்கண்ணனுக்குக் குடுத்துட்டாங்க. அவரைக் கெட்டவனா எழுதுனா, அதைத் தூக்கி எனக்குப் போட்டுட்டாங்க. எல்லாரும் பேசி வெச்சுட்டுத்தான் பண்றாங்க. இல்லாம ஒருத்தராவது மாத்திச் சொல்ல மாட்டாங்களா? வளர்மதி, தமயந்தி, திருஞானம், ஒருத்தருக்கொருத்தர் பழக்கமில்லாத ஆளுக, ஒரே மாதிரிச் சொல்றாங்க. அப்ப நடுவுல யாரோ இருக்கறாங்க.

இவங்க எல்லாம் சாட்சிக்கு எடுத்துக்கறது ஒரே ஒரு அத்தியாயத்தைத்தானுங்க. அதைச் சொல்லீர்றேன், நீங்களே நியாயம் சொல்லுங்க. சக்திவேலோட தம்பி தருமன், அவன் மகளுக்குக் கல்யாணம் பேசறாங்க. உப்புச்சக்கரைக்கு மொத நாள் சக்திவேலு பஸ் ஏறிப் போயி மாப்பிள்ளை வீட்டுக் கதவைத் தட்டி, பொண்ணு படிச்சு முடிச்சுட்டான்னு சொல்லியிருக்கறாங்களே, முடிக்கலை, ஒரு பேப்பரு பெயிலுன்னு சொல்றான். அவங்க வரலை. பந்தலு போட்டது போட்டபடி கெடக்குது. பொண்ணு சீலை கட்டி, பூ வெச்சு, வாசலைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்குது.

கதைக்கு அந்த மாதிரி ஒண்ணு வேணுமில்லீங்களா. அதுக்கோசரம் வெச்சேன்.

இல்லை, மேகலைக்கு அந்த மாதிரி நடந்துச்சுங்கறது உண்மைதான். அது வேற. நான் போனது உள்ளதைச் சொல்றதுக்கு. பி.எட்.ல ஒரு பேப்பரு அவளுக்கு நிக்கத்தானே செஞ்சுது? எனக்குப் பத்திரிகை வெக்காம விசேசம் வெச்சாங்க. எதையோ மறைக்கறதுக்குத்தானே சித்தப்பனைக் கூப்பிடலைன்னு தோணுச்சு. விசாரிச்சேன், இருந்துச்சு, சொன்னேன். உண்மையைச் சொல்றவனும் குடியைக் கெடுக்கறவனும் ஒண்ணாங்க? சக்திவேலு சொன்னது பொறாமையில. நான் சொன்னது... சரி, விடுங்க. அது அந்தக் காலம். அந்தப் புள்ளை அப்பறம் பேப்பரை எழுதிப் பாஸு பண்ணி, கவருமென்டு பள்ளிக்கூடத்துல டீச்சரா இருக்குது. கல்யாணம்தான் இத்தனை வருசம் தள்ளிப் போச்சு. வர்றவங்க எல்லாம், மொதல்ல ஏன் நின்னுதுன்னு கேட்டுக் கேட்டுப் போயிட்டாங்க.

கவுந்தப்பாடி தாண்டிருச்சு பாருங்க. இவன் ஓட்டற ஓட்டைப் பார்த்தா பயமா இருக்குது.

போன வாரம் எங்கண்ணன் வீட்டுக்கு வந்தாரு. ஈரோட்டு வீட்டு வாசல்படியை அவரு மிதிச்சதே அதுதான் மொதத் தடவை. கையில என் புத்தகம். பக்கமெல்லாம் மடிச்சு மடிச்சு ஒரு வழியாக்கி வெச்சிருக்காரு. வக்கீலைப் பார்த்துட்டு வந்திருக்கறாரு, கேசு போடப் போறாருன்னுதான் நெனச்சேன். கேசு போட்டாலும் பரவாயில்லை, ஒத்துக்கிட்டதா ஆகுமில்லீங்களா. உட்காருங்கன்னேன். உட்காரலை.

"சென்னி, மேகலை விசயத்தை நீயே எழுதிட்டே. மறைக்காம எழுதிட்டே. இதுக்கு மேல உங்கிட்ட நான் என்னடா கேக்கப் போறேன்?"

மறுபடியும் அவரே பேசறாரு.

"கடேசீல அந்த சக்திவேலு பழைய வண்டியில தனியா உட்கார்ந்துக்கிட்டு, ஓட்டறதுக்கு ஆளே இல்லாம பக்கத்து சீட்டு பிரேக்கை மிதிச்சுட்டே இருக்கறானே. அதைப் படிச்சுட்டு எனக்குச் சோறு எறங்கலைடா. நீ இப்படிக் கெடந்திருக்கறேன்னு தெரிஞ்சிருந்தா நானே வந்திருப்பேன்."

அழுதாருங்க. எங்கப்பன் செத்தன்னைக்கு அழாத ஆளு. என் தோளைப் புடிச்சுக்கிட்டு, மேகலையும் படிச்சுட்டா, சித்தப்பன் வந்து கை நீட்டி வாங்கட்டும், அப்பத்தான் நான் மணையில உட்காருவேன்னு சொல்லீட்டான்னாரு.

அது நான் இல்லைண்ணா, நீங்கன்னு சொல்ல வாயைத் தொறந்துட்டேன். நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு. அப்பப் பார்த்து தமயந்தி டீயைக் கொண்டாந்து ரெண்டு பேருக்கும் நடுவுல நின்னுக்கிட்டா. என்னை ஒரு பார்வை பார்த்தா பாருங்க. குடிச்சேன். மோந்து பார்க்காமக் குடிச்சேன், சூடு நாக்கைப் பொசுக்கிருச்சு.

அதுல இருந்து யோசிச்சுட்டே இருக்கறேன். மன்னிச்சுட்டேன்னு அவரு சொல்றதை நான் வாங்கிக்கிட்டா, சக்திவேலு நான்தான்னு ஒத்துக்கிட்டதா ஆகுது. எழுதுனவனே கையெழுத்துப் போட்டாப்ல. அதுக்காகத்தான் இந்தப் பையில அஞ்சாறு பிரதி எடுத்துட்டுப் போறேன். மாப்பிள்ளை வீடு, பங்காளிக, மாமன் மச்சான், எல்லாரும் கூடியிருப்பாங்க. உப்புச்சக்கரைத் தட்டு கைக்கு வர்றதுக்கு முன்னால, ஒரு நிமிசம்னு சொல்லீட்டு, இதை விரிச்சு, சக்திவேலு ஆருன்னு எங்கண்ணன் மூஞ்சிக்கு நேராக் கேக்கப் போறேன். நேத்தே கோபிக்குப் போயிட்ட தமயந்தி, வாயைத் தொறக்காம வர்றதுன்னா வாங்க, இல்லைன்னா வரவே வேண்டாம், இன்னொரு தடவை அந்தப் புள்ளை பந்தலுக்குக் கீழே உட்கார்ந்து வாசலைப் பார்த்துச்சுன்னா நானும் உங்க வீட்டுக்குத் திரும்ப மாட்டேன்னு சொல்லீட்டுத்தான் போனா. அப்பவும் நியாயம்னு ஒண்ணு இருக்குதில்லீங்களா?

நீங்க மூணாம் மனுசரு. விதைக் கடை. உங்களுக்கு இதுல ஆதாயம் ஒண்ணுமில்லை. இந்தாங்க, ஒரு பிரதி. இதுலயும் பச்சைக் கோடு போட்டிருக்கறேன், அந்த எடத்தை மட்டும் படிங்க. படிச்சுட்டு, அந்த ஆளு எங்கண்ணனா இல்லையான்னு சொல்லுங்க. நான் பேசலை, நீங்க படிங்க.

...

ஏன் நிறுத்திட்டீங்க? எழுத்து சின்னதா இருக்குதுங்களா? பஸ் ஆட்டத்துல படிக்க முடியலையா?

அப்பறம் ஏன் கீழே பார்க்கறீங்க?

என் காலா? அது... இவன் அந்த லாரிக்குப் பின்னால கொண்டு போயி ஒட்டுன ஒட்டுக்கு... ஆமா, மிதிச்சுட்டுத்தான் இருக்கறேன். ஈரோட்டுல ஏறுனதுல இருந்தா? அப்படியா மிதிச்சேன்? எனக்குத் தெரியலீங்களே.

அந்தப் பக்கத்துல அதுதான் இருக்குதுங்களா? இருக்கும். பஸ்ஸுல போறப்பக்கூட வெறும் தகரத்தை மிதிப்பான்னு எழுதியிருப்பேன். பையை மேலே வெக்காம மடியில கட்டிப் புடிச்சுக்கிட்டுப் போவான்னும்... ஆமா, இருக்குது. நான்தானே எழுதுனேன்.

எங்கண்ணனா? எங்கண்ணன் பையை மேலே போட்டுட்டுத் தூங்கீருவாருங்க. தூங்கி எந்திரிச்சு, எறங்கறப்போ பையை மறந்துட்டு எறங்கீருவாரு. சின்னதுல ரெண்டு பேரும் பழனிக்குப் போயிட்டு வர்றப்போ அப்படித்தான், பஞ்சாமிர்தத்தோட பையை விட்டுட்டாரு. நான்தான் பஸ்ஸுக்குப் பின்னால ஓடிப் போயி எடுத்தாந்தேன். சென்னி இருக்கறப்போ எனக்கென்னடா பயம்னு சிரிச்சாரு.

அது புத்தகத்துல இல்லீங்க. எப்படி விட்டுப் போச்சுன்னு தெரியலை.

...

கோபி வந்துருச்சுங்க. பஸ் ஸ்டாண்டுல எறங்கி நடந்தாப் போதும், வீடு பக்கம்தான். அங்க பாருங்க, டீக்கடை ஓரம் வெள்ளை வேட்டி. எங்கண்ணன்தான். கூப்பிட வந்து நிக்கறாரு. எந்தப் பஸ்ஸுல வர்றேன்னு நான் ஆருகிட்டயும் சொல்லலை. காலையில இருந்து ஒவ்வொரு பஸ்ஸாப் பார்த்துட்டு நிக்கறாராட்டம் இருக்குது.

இந்தப் பையைச் சித்தெ புடிங்க. செருப்பு சீட்டுக்கு அடியில போயிருச்சு, மாட்டிக்கறேன். பரவாயில்லை, புடிங்க, நீங்கதானே.

பையை மேலேயே போட்டுருங்க. ஆமா, அங்கேயேதான். எனக்கு வேண்டாம். கை நீட்டி வாங்கறதுக்குத்தான் வரச் சொல்லியிருக்காங்க, ரெண்டு கையும் காலியா இருக்கணுமில்லீங்களா. அன்னைக்கு அவரு மேடையில வாங்குனாப்ல வாங்கிக்கணும், அவ்வளவுதானே. மைக்கைக் குடுத்தாலும் ஒண்ணும் பேசறதுக்கில்லை.

பையில இருக்கறதை வேணும்கறவங்களுக்குக் குடுங்க. கையில வெச்சிருக்கறது உங்களுக்கு. கடைசி வரைக்கும் படிங்க. படிச்சு முடிச்சுட்டு, சக்திவேலு ஆருன்னு ஊருல எவருகிட்ட வேணும்னாலும் சொல்லிக்குங்க.

என்கிட்ட மட்டும் சொல்லீராதீங்க.